முழங்கால் தண்ணீரில் படகு கனக்கும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இன்று காரில் ஒன்றரை மணி நேரம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு. மாலையில் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் படுத்தால், மறுநாள் காலையில் எழுந்து கோயில் பார்க்கலாம். பாரதிதாசன் நண்பர்களோடு அப்படிப் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவே எழுதியிருக்கிறார். (செலவு என்றால் பழந்தமிழில் பயணம். காசுக் கணக்கு அல்ல.)

அந்தப் படகுச் சவாரி ஏன் நின்றது என்று கேட்டால், ‘பஸ் வந்தது, படகு போச்சு’ என்பார்கள். பாதி உண்மை. ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. ஆனால் படகில் படுத்து நிலா பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு என்ன அவசரம்? ஆலப்புழையிலும் லாரி வந்துதான் நெல் ஏற்றும் கெட்டுவள்ளங்களுக்கு வேலை இல்லாமல் போனது. 1990களில் அதே வள்ளங்களுக்கு மேல் அறை கட்டிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். அங்கே தண்ணீர் இருந்தது. இங்கே அதுதான் போனது.

சரி, பக்கிங்காம் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பலரும் இதை ஆற்றிலிருந்து பிரியும் பாசனக் கால்வாய் போல நினைக்கிறார்கள். இதற்கு மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. கடற்கரைக்கு இணையாக, அங்கங்கே இருந்த உப்பங்கழிகளைக் கோத்துக்கொண்டு வெட்டியது. 1806இல் பசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கிவைத்தார். 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக, பட்டினியில் கிடந்த மக்களைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனுக்குப் போனது.

இந்தக் கால்வாய் கடலை வைத்துத்தான் மூச்சு விட்டது. சென்னைக் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏறும்போது கூவம், அடையாறு, கோவளம் முகத்துவாரங்கள் வழியாக உப்புநீர் உள்ளே வந்து கால்வாயை நிரப்பும். வற்றும்போது வெளியே ஓடும். நம் கரையில் இந்த ஏற்றம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர். மற்ற நாட்களில் அதற்கும் குறைவு. நிலாச் சவாரிக்காரர்களுக்கு நிலா இரண்டு வேலை செய்திருக்கிறது: வெளிச்சமும் கொடுத்தது, கடலையும் ஒரு பிடி கூடுதலாகத் தூக்கியது.

வந்த தண்ணீர் வற்றத்தில் மொத்தமாக ஓடிவிடாமலும், மழைக்கால வெள்ளம் வண்டலோடு உள்ளே புகாமலும் இருக்க, ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் இரட்டைக் கதவு ‘லாக்’குகள் வைத்தார்கள். ஒரு கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு மூடுவது, உள்ளிருக்கும் நீரை அடுத்த பக்க மட்டத்துக்குக் கொண்டுவருவது, அப்புறம் மறு கதவைத் திறப்பது. சேப்பாக்கம் பக்கத்து லாக் நகர் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டும், பேசின் பிரிட்ஜும் அப்படித்தான், துறையும் பேசினும் (படகு நிற்கும் நீர்த்தேக்கம்) போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டவை.

ஆழம் குறைந்தால் படகுக்கு என்ன ஆகும்? ‘தரை தட்டும் வரை ஓடும், தட்டியதும் நிற்கும்’ என்று தோன்றும். அப்படி இல்லை. படகு முன்னே நகர வேண்டுமானால், அது தள்ளிய தண்ணீர் பக்கவாட்டிலும் அடியிலும் புகுந்து பின்னால் வந்தாக வேண்டும். அடியில் இடம் குறுகக் குறுக அந்தத் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. வேகமாக ஓடும் நீரில் அழுத்தம் குறைவு. அதனால் படகு இன்னும் கீழே இழுக்கப்படுகிறது. கழி ஊன்றுகிறவருக்கு யாரோ அடியில் பிடித்துக்கொண்டது போல இருக்கும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஆழமற்ற நீரில் அலை போகும் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் மணிக்கு 11 கிலோமீட்டர். 30 சென்டிமீட்டரில் 6 கிலோமீட்டர். படகு இந்த வேகத்தை நெருங்க நெருங்க, தான் எழுப்பிய அலையைத் தாண்ட முடியாமல் முக்கும். கயிற்றால் இழுத்தும் கழியால் தள்ளியும் ஆட்கள் நகர்த்தும் படகு மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனால் அதிகம். ஒரு மீட்டர் தண்ணீரில் அது எல்லைக்கு வெகு கீழே. 30 சென்டிமீட்டரில் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கு. அதே ஆள், அதே படகு. பாடு மட்டும் பலமடங்கு. ஓர் இரவில் முடிந்த பயணம் முடியாமல் போவதற்குக் கால்வாய் வற்றவே வேண்டியதில்லை.

ஆழத்தைத் தின்றதில் பெரும்பங்கு மணலுக்கு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து, மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், ஆனால் ஈடாகாது. 1870களில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கியதும், வடக்கே போன மணல் அதன் தென்புறம் தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். கூவம் கடலில் சேரும் இடமும் அதே தென்புறம்தான். நாம் காற்று வாங்கும் மணலும் கூவத்தின் வாயை அடைத்த மணலும் ஒரே சரக்கு!

முகத்துவாரம் திறந்திருக்க, உள்ளே போய் வரும் நீருக்கு மணலை அடித்துத் தள்ளும் பலம் வேண்டும். நம் ஆறுகளில் ஐப்பசி, கார்த்திகையில்தான் வெள்ளம். மிச்ச மாதங்களில் ஓதம், அதாவது கடலின் அந்த ஏற்றமும் வற்றமும் மட்டுமே காவல். கால்வாய் தூர்ந்தால் உள்ளே வரும் நீர் குறையும். நீர் குறைந்தால் வாய் இன்னும் அடையும். வாய் அடைந்தால் உள்ளே இன்னும் தூர் சேரும். இந்தச் சுழலை வெட்ட ஒரே வழி தூர் வாருவது. சரக்குப் படகு வருமானம் இருந்தவரை அதற்கு ஒரு நியாயம் இருந்தது. பஸ்ஸும் லாரியும் செய்த உண்மையான கேடு இதுதான்: பயணியைப் பறித்தது அல்ல, தூர் வாரும் காரணத்தைப் பறித்தது. 1960களின் புயல்கள் மிச்சத்தையும் உடைத்தன. 1990களில் பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் இறங்கின. நீர் எங்கே தயங்குகிறதோ அங்கே சேற்றைப் போட்டுவிடும். தூணுக்குப் பின்னால் தயங்காமல் வேறென்ன செய்யும்?

நாற்றத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாக்கடை நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சு விடத் தொடங்கி, அழுகிய முட்டை வாசமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். கடல்நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்ஃபேட் இருக்கிறது. முன்பு கால்வாய்க்கு உயிர் கொடுத்த அதே உப்புநீர், ஓட்டம் நின்று சாக்கடையோடு கலந்ததும் நாற்றத்துக்குத் தீனியாகிவிட்டது.

2008இல் இந்தக் கால்வாயைச் சேர்த்து, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். நகருக்குள் அந்த நீர்வழியில் மயிலாப்பூர் ரயில் நிலையம் நிற்கிறது.

கோவளம் உப்பங்கழி கடலைத் தொடும் முட்டுக்காட்டில் மட்டும் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சொல்லி மாளாது. கழி அகலம், கடல் பக்கத்திலேயே. அந்த வாயும் கோடையில் மணலால் அடைபடுவது உண்டு. பழைய கால்வாய் இந்தக் கழியைக் கடந்துதான் தெற்கே போகிறது; மாமல்லபுரம் அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். படகுகள் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டுத் துறைக்கே திரும்புகின்றன.