கரிசலில் பெய்த மழை எங்கே போகிறது?

போன புரட்டாசியில் தேவர்குளம் பக்கத்துக் கரிசலில் உளுந்தைத் தூவி மேலாக ஓர் உழவு ஓட்டிவிட்டேன். நாலு நாளில் ஒரு மழை. செல்போனில் 12 மில்லிமீட்டர் என்று காட்டியது. பயிர் முளைத்துக் காடே பச்சையாக நின்றது, நானும் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அப்புறம் பதினாறு நாள் பொட்டு மழை இல்லை, அத்தனையும் கருகிப்போனது. அதே மழைதான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி சித்தப்பாவின் செவல் காட்டிலும், அதாவது செம்மண் நிலத்திலும் பெய்தது. அங்கே தட்டைப்பயறு வாடியது, ஆனால் சாகவில்லை. “மேல பச்சையப் பாத்து ஏமாந்துட்டியேல, தோண்டிப் பாத்தியா?” என்றார். நான் தோண்டிப் பார்க்கவில்லை.

12 மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 48,500 லிட்டர், அதாவது நாலு டேங்கர் லாரித் தண்ணீர். அத்தனையும் எங்கே போனது? ஓடைக்குப் போகவில்லை, மண்ணுக்குள்தான் இருந்தது. ஆனால் வேருக்குக் கிடைக்கவில்லை.

கரிசலின் களித்துகள் பனை ஓலைச் சுவடிக் கட்டு மாதிரி, ஏட்டுக்கு மேல் ஏடாக அடுக்கியது. மான்ட்மோரில்லோனைட் என்று அந்தக் களிக்குப் பெயர். தண்ணீர் ஏடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தள்ளும், மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இவ்வளவு நுண்ணிய துகளாக இருப்பதால் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும் பரப்பு ஏராளம், ஒட்டியதை அது லேசில் விடாது. செவலில் மணல் அதிகம் என்பதால் பிடிமானம் குறைவு, 12 மில்லிமீட்டர் மழை அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கிவிடும், அதில் பெரும்பகுதியை வேர் உறிஞ்சிக்கொள்ளலாம். காய்ந்த கரிசலில் அதே மழை இரண்டு அங்குலம்கூட இறங்காது. இறங்கியதிலும் பாதியை மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மீதியை நாலைந்து நாள் வெயில் கொண்டுபோய்விடும். கையில் பிடித்தால் மண் ஈரமாகவே இருக்கும், ஆனால் செடி வாடும். சின்ன மழைக்குக் கரிசல் மகா கஞ்சன்.

பெரிய மழைக்குக் கதை தலைகீழ். ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல் ஒருமுறை முழுக்க நனைந்துவிட்டால், பயிருக்குப் பயன்படுகிற தண்ணீராகவே 150 மில்லிமீட்டருக்கு மேல் வைத்திருக்கும். செவலில் இரண்டடிக்குக் கீழே சரளை வந்துவிடும், 50 தேறினால் பெரிது. தை மாதம் செவல் காய்ந்து கிடக்கும்போது கரிசலில் பருத்தியும் மல்லியும் பச்சையாக நிற்பது இதனால்தான். “பனியிலேயே விளையுது” என்று ஊரில் சொல்வார்கள், எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒரு ராத்திரிப் பனி அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். அது காலையில் இலை காய்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பயிரை விளைய வைப்பது ஐப்பசி, கார்த்திகையில் கீழே இறங்கிய ஈரம்.

அந்த ஈரத்தை இறக்குவதுதான் பெரும்பாடு. முதல் மழைக்கு வெடிப்பு வழியாகத் தண்ணீர் கடகடவென்று உள்ளே போகும். மண் உப்பி வெடிப்பு மூடிய பிறகு, மணிக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். நம் ஊர் அடைமழையோ ஒரு மணி நேரத்தில் 40 கொட்டும். மிச்சம் ஓடைக்கு ஓடும், மேல்மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு. அதனால் தண்ணீரை நிறுத்தி, இறங்க நேரம் கொடுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுவது முதல் வேலை. காட்டை 8 மீட்டருக்கு 5 மீட்டர் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து மழைக்கு முன்பே வரப்புப் பிடிப்பது அடுத்தது; பகுதிப் பாத்தி என்பார்கள். ஆனால் உளுந்தும் பருத்தியும் தண்ணீர் கட்டி நின்றால் பழுத்துப் போகும். பயிர் நிற்கும்போது பெருமழை வந்தால் வரப்பை வெட்டிவிட ஆள் வேண்டும், அந்த நேரத்தில் ஆள் கிடைக்காது. எனக்கு அகலப்பாத்தி போட்டு நடுவே சால் விடுவதுதான் தோது. ஈரம் பாத்திக்குள் ஊறும், மிச்சம் சால் வழியாக வடிந்து பண்ணைக்குட்டைக்குப் போகும். கரிசலில் குட்டைக்குத் தார்ப்பாய் தேவையில்லை, களியே அடைத்துக்கொள்ளும். செவலில் வெட்டினால் ஒரு வாரத்தில் தரை தெரியும்.

செவலுக்கு வேறு வைத்தியம். அங்கே மழைத்துளி கட்டியை உடைக்க, நுண்மண் துளைகளை அடைத்து மேலே ஓடு மாதிரி இறுகிவிடும், முளை முட்டிக்கொண்டு நிற்கும். லேசாகக் கிளறிவிட்டால் சரியாகும். ஆட்டுக்கிடை போடுவதும், கோடையில் குளத்து வண்டலை அடிப்பதும் அதன் பிடிமானத்தைக் கூட்டும். வண்டல் என்பது பெரும்பாலும் நம் காட்டிலிருந்து போன களிதான், அதைத்தான் டிராக்டர் வாடகை கொடுத்துத் திரும்ப வாங்கி வருகிறோம்.

என் உளுந்துக்கு வருகிறேன். கரிசல் நன்றாக நனைந்தபின் நாலைந்து நாளைக்கு உள்ளே கால் வைக்க முடியாது, டிராக்டர் புதைந்துவிடும். ஆகவே மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது இங்கே பழக்கம், 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. விதை 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் கீழே இருந்தால் சின்னத் தூறல் அதைத் தொடாது, 20, 25 மில்லிமீட்டர் பெய்தால்தான் எழுப்பும். அந்த ஈரம் முளைத்ததைக் கொஞ்ச நாளாவது தாங்கும். நான் தூவியது ஓர் அங்குலத்தில் கிடந்தது, 12 மில்லிமீட்டருக்கே எழுந்துவிட்டது.

பயிர் வந்தபின் ஊடுழவைத் தள்ளிப்போடக் கூடாது. மார்கழியில் விரல் நுழைகிற வெடிப்பு விழ ஆரம்பித்தால், அதன் இரு சுவர்களிலிருந்தும் அடி ஈரம் ஆவியாகும், வேரும் அறுபடும். மேல்மண்ணைக் கிளறிப் புழுதியால் வெடிப்பை மூடுவது களைக்காக மட்டும் இல்லை.

இந்த வருஷம் மழை விட்டதும் சித்தப்பாவின் இரும்புக் கம்பியோடு காட்டுக்குப் போனேன். அரை அங்குலக் கனம், நுனி மழுங்கியது. ஈரம் உள்ள வரைக்கும் அமுக்கினால் வெண்ணெயில் போல இறங்கும், காய்ந்த மண்ணைத் தொட்டதும் டக்கென்று நிற்கும். மேட்டில் ஒரு சாண், பாத்தி போட்ட பள்ளத்தில் முழங்கால் உயரம். பள்ளத்தில் மட்டும் பருத்தி ஊன்றிவிட்டு, மேட்டில் இன்னொரு மழைக்குக் காத்திருக்கிறேன்.