கிரீமி லேயர்: சொல் விளக்கம்

பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்திருந்தும், பெற்றோரின் பதவியோ வருமானமோ விதித்த எல்லையைத் தாண்டிவிட்டதால், ஒன்றிய அரசின் 27 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைப் பெற முடியாமல் விலக்கப்படுவோரை 'கிரீமி லேயர்' என்கிறார்கள். பால்மேல் படியும் ஆடையைக் குறித்த ஆங்கிலச் சொல்லிலிருந்து எழுந்த உருவகம் இது.

கேரள அரசுக்கும் என்.எம். தாமஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், 1975ஆம் ஆண்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இச்சொல்லை எழுதினார்; 1992 நவம்பர் 16 அன்று வந்த இந்திரா சஹானி தீர்ப்பு அதையே கட்டாய விதியாக்கியது. 2008இல் உயர்கல்விச் சேர்க்கைக்கும் உச்ச நீதிமன்றம் அதை நீட்டித்தது. 1993இல் ஒரு லட்சம் ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு, 2017 முதல் எட்டு லட்சமாக உள்ளது.

வருமானம் மட்டுமே அளவுகோல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. பெற்றோரில் ஒருவர் அரசின் உயர்நிலை அதிகாரிப் பணியான குரூப் ஏ பணியில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே எழாது, பிள்ளை விலக்கப்பட்டுவிடும். வருமானத்தைக் கணக்கிடும்போதோ, ஊதியத்தையும் விவசாய வருமானத்தையும் பிற வருமானத்தோடு சேர்த்துக் கூட்டக் கூடாது என்கிறது 1993ஆம் ஆண்டு அலுவலக ஆணை.

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் இந்த விலக்கு இல்லை. அதனால் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் ஒன்றே போதும் என்றிருக்கும் பிளஸ் டூ மாணவி, ஐஐடிக்கு விண்ணப்பிக்க தான் கிரீமி லேயரில் இல்லை என்று காட்டும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழை வட்டாட்சியரிடம் புதிதாக வாங்கியாக வேண்டும். 1979இல் எம்.ஜி.ஆர். அரசு 9,000 ரூபாய் வருமான வரம்பைக் கொண்டுவந்து, 1980 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோருக்கான பங்கை 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. அரசியலமைப்பின் 15(4) பேசுவது சமூக நிலையிலும் கல்வி நிலையிலும் பின்தங்கியோரைப் பற்றியே என்பதும், அதில் பொருளாதார அளவுகோல் இல்லை என்பதும் அன்றும் இன்றும் எதிர்ப்பாளர்கள் முன்வைக்கும் வாதம். அது வலுவான வாதம் என்றே கருதுகிறேன். தாத்தா பள்ளியே பார்த்திராத வீட்டில், அப்பா அதிகாரியான ஒரே தலைமுறையில் சமூகப் பின்னடைவு தீர்ந்துவிடும் என்று கொள்வது நியாயமாகாது.

தமிழில் 'வளமான பிரிவினர்' என்று எழுதினால் பணம் மட்டுமே தெரிகிறது, பதவி மறைந்துவிடுகிறது. 'முன்னேறிய பிரிவினர்' என்பதோ, இங்கே எஃப்.சி. எனப்படும் முன்னேறிய வகுப்பினரோடு குழப்பிவிடும்; பாலாடை என்று நேராகப் பெயர்த்தால் சட்டச் சொல்லாக நிற்காது. ஆகவே 'பிற்படுத்தப்பட்டோருள் மேலடுக்கினர்' என்பதே பொருந்தும். சான்றிதழில் வரும் 'நான்-கிரீமி லேயர்' (Non-Creamy Layer) என்பதை 'மேலடுக்கில் சேராதோர்' எனலாம்.