‘சும்மா வந்துட்டுப் போம்மா’

ஸ்டேஷனிலிருந்து வரும் அழைப்புகளிலேயே எனக்குப் பிடிக்காதது ‘சும்மா வந்துட்டுப் போம்மா’ என்பதுதான். சம்மன் என்றால் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், எதிர்த்து மனு போடலாம். ‘சும்மா’வை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். தாமிரபரணியில் மணல் அள்ளுவதைச் செய்தியாக்கிய ஒரு தாலுகா நிருபர், ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) “அக்கா, இப்பவே வரச் சொல்லுதாங்க.”

“எழுதிக் கொடுங்க சார்னு மட்டும் சொல்லு” என்றேன்.

பழைய சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, சாட்சியாக விசாரிக்க எழுத்தில்தான் அழைக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரணை. ஸ்டேஷனுக்கு வந்தே தீரணும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 35(3)-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் கதை வேறு. அது குற்றம் செய்ததாகப் புகாரோ சந்தேகமோ உள்ளவருக்கு வருவது, போய்த்தான் ஆக வேண்டும். அதனால் ‘நான் சாட்சியா, குற்றவாளியா?’ என்பதை முதலில் கேளுங்கள். போனைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கேளுங்கள். அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு.

காகிதம் கேட்பதன் அருமையை எனக்குக் காட்டியவர் ‘காஷ்மீர் டைம்ஸ்’ நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் போனும் இணையமும் அறுந்தன. ஸ்ரீநகர்ப் பதிப்பை அச்சிட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். தடை உத்தரவுகளையே அரசு முழுசாகக் காட்டவில்லை. இணையத்தைக் காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10-இல் தீர்ப்பு வந்தது. அதே வருடம் அக்டோபரில் அவருடைய ஸ்ரீநகர் அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. முறையான நோட்டீஸே தரவில்லை என்றார். பத்திரிகையை அவர் விடவில்லை.

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் நெல்லையிலும் நெட்டை நிறுத்தினார்கள். அப்போது கையில் எடுத்துக் காட்ட இந்தத் தீர்ப்பு இல்லை.

நம்ம நிருபருக்கு இன்றுவரை காகிதம் வரவில்லை. ஏட்டையா மட்டும் கடைத்தெருவில் பார்த்தால், “என்னம்மா, பெரிய சட்டமெல்லாம் பேசுத?” என்கிறாராம். அதையும் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.