தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது

0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 0.35 என்று சொல்லச் சில கைகள் நிச்சயம் உயரும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை யோசித்துத்தான் சொல்கிறது: 5-ஐ விட 35 பெரியது. முழு எண்களில் வருடக்கணக்காகக் கைகொடுத்த விதி, தசமத்தில் மட்டும் ஏன் கைவிடப்போகிறது?

பாடத்தை இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக நடத்தினால் இது மாறாது. பிள்ளை எந்த விதியை வைத்துக்கொண்டு விடை சொல்கிறது என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

அதே வகுப்பில் இன்னொரு கூட்டமும் இருக்கும். பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று படித்ததை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று நம்புகிறவர்கள். மேலே உள்ள கேள்விக்கு இவர்கள் சரியாக 0.5 என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். 0.6, 0.78 என்று கேட்டால்தான் மாட்டுவார்கள். அந்தக் கேள்வியில் முதல் கூட்டம் தப்பித்துவிடும்! அதனால் இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். சரியான விடை எழுதியவரிடமும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள்.

"பின்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கோ, 0.50 ஆகிவிடும்" என்ற குறுக்குவழி எனக்குப் பிடிப்பதில்லை. விடை சரியாக வந்துவிடும். ஆனால் பூஜ்யம் ஏன் போடலாம் என்று தெரியாத பிள்ளை 50-ஐயும் 35-ஐயும் முழு எண்களாகத்தான் ஒப்பிடுகிறது. பழைய விதிக்கு நாமே முட்டுக்கொடுக்கிறோம்.

நான் நூறு கட்டம் போட்ட தாளைக் கொடுப்பேன். ஒரு வரிசை பத்தில் ஒரு பங்கு, ஒரு கட்டம் நூறில் ஒரு பங்கு. வண்ணம் தீட்டும் முன்பே, எது அதிக இடம் பிடிக்கும் என்று ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாவிட்டால், முடிவைப் பார்த்ததும் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள்; பழைய எண்ணம் உள்ளே அப்படியே இருக்கும். 0.5-க்கு ஐந்து வரிசை, 0.35-க்கு மூன்று வரிசையும் ஐந்து கட்டமும். சிலர் நம்பாமல் மறுபடி எண்ணுவார்கள். எண்ணட்டும்.

அறிவியலில் ஒரு தப்பான எண்ணத்துக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருப்பதும் உண்டு. ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பார்கள். வான் ஹெல்மான்ட் என்ற 17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் 5 வருடம் வளர்த்தார். மரம் எழுபது கிலோவுக்கும் மேல் கூடியது. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. அவரே எல்லாம் தண்ணீர் என்று முடிவுகட்டினார். 1648-ல் வெளியான அந்த முடிவு பாதிதான் சரி. காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை கேட்கும்: "காற்றுக்கு ஏது எடை?" சிக்கல் அங்கேதான். ஒளிச்சேர்க்கையைத் தள்ளிவைத்துவிட்டு, ஏற்கெனவே உருண்டையாக இருக்கும் கால்பந்தை எடை பாருங்கள். பம்பால் இறுக அடித்து மறுபடி பாருங்கள். சில கிராம் கூடியிருக்கும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஆசிரியரே விளக்க வேண்டும் என்றில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-லிருந்து வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, தனித்தனியாக விடை வாங்கி, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு, மறுபடி விடை கேட்கும் முறையைக் கையாண்டார். பள்ளியிலும் இது நடக்கும். நாம் சொன்னால் தலையாட்டுகிற பிள்ளை, பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்னால் சண்டைக்கு நிற்கும். அந்தச் சண்டையில் உள்ளே இருக்கும் விதி வெளியே வந்துவிடும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வராது.

சரி, புரிந்துவிட்டது என்று அன்றே முடித்துவிடாதீர்கள். பழைய எண்ணம் திரும்பி வரும். இரண்டு வாரம் கழித்து வேறு மாதிரி கேளுங்கள்: 0.4-க்கும் 0.5-க்கும் நடுவில் எண் ஏதாவது இருக்கிறதா? "இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை இன்னும் முழு எண்களில்தான் யோசிக்கிறது.