நாலு வரி ரிவ்யூவுக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாலை வகுப்பு. கடை வைத்திருப்பவர்கள், கம்பெனியில் பில் போடுகிறவர்கள், பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு வருகிற அம்மாக்கள் என்று கலந்துதான் இருப்பார்கள். இலக்கணம் எல்லாம் பள்ளியிலேயே படித்தவர்கள், எழுதத்தான் வாய்ப்பில்லை. ‘எனக்குப் பிடித்த பண்டிகை’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் எழுதித் தருவார்கள். அதை நான் ஒருத்திதான் படிப்பேன், அதுவும் சிவப்புப் பேனாவோடு.

அதனால் வீட்டுப்பாடமாக இணையத்தில் போடுகிற ரிவ்யூ எழுதச் சொல்கிறேன். வாங்கிய மிக்ஸி, சாப்பிட்ட ஹோட்டல், போய் வந்த பல் மருத்துவமனை, எதுவானாலும் சரி. இதைப் படிப்பதற்கு நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிறார். உங்கள் ஆங்கிலத்துக்கு மார்க் போட அவர் வரவில்லை. இதில் பணம் போடலாமா வேண்டாமா என்று பார்க்க வந்திருக்கிறார்.

முதல் வாரம் வருகிற ரிவ்யூக்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். ‘குட் ப்ராடக்ட்’, ‘வொர்த் ஃபார் மணி’, ‘நைஸ் ஆம்பியன்ஸ்’, ‘சர்வீஸ் வெரி பேட்’. ஆங்கிலம் போதாமல் இப்படி எழுதுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள், இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதுவார்கள், அவ்வளவுதான். ரிவ்யூ என்றால் நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்வது என்ற நினைப்புதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

‘குட் ப்ராடக்ட்’ எழுதிய அதே பெண்ணிடம், “அந்த கிரைண்டர் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன். “மாவு நல்லா பொங்கி வருது மேடம். ஆனா கல்லைத் தூக்கிக் கழுவறதுக்குள்ள கை வலிச்சுப் போகுது. எங்க மாமியார் பக்கத்துலயே போறதில்லை. சத்தம் பரவாயில்லை, டிவி பார்த்துக்கிட்டே அரைக்கலாம்” என்றார். ரிவ்யூ முடிந்துவிட்டது. இனி அதை ஆங்கிலத்தில் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே என் வகுப்பில் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னதிலிருந்து வாங்கப்போகிறவருக்கு உதவக்கூடிய நான்கைந்து விவரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிரைண்டர் என்றால், வீட்டில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை தடவை அரைக்கிறீர்கள், உளுந்து பொங்க எவ்வளவு நேரம் ஆகிறது, அரைத்து முடித்ததும் மாவு சூடாகிறதா, கல்லை வயதானவர்கள் தூக்க முடியுமா, பழுதானால் பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா. இதில் எதற்கும் பெரிய ஆங்கிலம் வேண்டாம். ‘தேர் ஆர் ஃபோர் ஆஃப் அஸ் அட் ஹோம். ஐ யூஸ் இட் ட்வைஸ் எ வீக்.’ எட்டாம் வகுப்பு ஆங்கிலம்தான். ஆனால் இந்த இரண்டு வரியைப் படித்த உடனே, எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்காரர் இந்த அளவு நமக்குப் போதுமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்வேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். இணையத்தில் அதை வாங்குகிற வடநாட்டுக்காரர் பலருக்கு உளுந்தை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது என்பதெல்லாம் தெரியாது. மாவு சரியாக வராவிட்டால் மெஷின் சரியில்லை என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம், கிரைண்டர் தெரிந்தவர் நீங்கள்தான். இதைச் சொன்னதும் பலருக்கு முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். எல்லாப் பிழையும் ஒன்றல்ல. ‘டூ மந்த்ஸ் அகோ’ என்பதற்குப் பதில் ‘பிஃபோர் டூ மந்த்ஸ்’ என்று எழுதினாலும் படிப்பவருக்குப் புரியும். ‘ஸ்டாஃப்ஸ் ஆர் குட்’ என்றாலும் புரியும். ஸ்பெல்லிங் தவறினாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. இவற்றைத் திருத்துவேன், ஆனால் கடைசியில். முதலில் பார்ப்பது காலத்தை, ஏனென்றால் ரிவ்யூவில் காலம் தப்பினால் பொருளே மாறிவிடும்.

‘நாட் வொர்க்கிங்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார், ஒரு சார்ஜரைப் பற்றி. பெட்டியைத் திறந்தபோதே வேலை செய்யவில்லையா, மூன்று வாரம் ஓடிவிட்டு நின்றுபோனதா, இல்லை, ஒரு போனுக்கு ஏறி இன்னொரு போனுக்கு ஏறவில்லையா? தமிழில் ‘வேலை செய்யலை’ என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்வார். ரிவ்யூவில் திருப்பிக் கேட்க ஆளில்லை. முதலாவது என்றால் நமக்கு வேறு நல்ல பீஸ் வரலாம் என்று வாங்கத் துணிவார்கள். இரண்டாவது என்றால் பொருளே சரியில்லை, விட்டுவிடலாம். மூன்றாவது என்றால் தன் போன் என்ன மாடல் என்று பார்ப்பார்கள். மூன்று விதமான வாசகர், மூன்று விதமான முடிவு, எழுதியதோ இரண்டே சொல்.

காலத்தைச் சரியாகச் சொல்ல மூன்று வாக்கியம் கைவசம் இருந்தால் போதும். நடந்து முடிந்ததற்கு: ‘இட் ஸ்டாப்ட் வொர்க்கிங் ஆஃப்டர் த்ரீ வீக்ஸ்’. ஆரம்பத்திலிருந்தே இல்லை என்றால்: ‘இட் டிட் நாட் வொர்க் வென் ஐ ஓப்பன்ட் த பாக்ஸ்’. இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால்: ‘ஐ ஹேவ் பீன் யூசிங் இட் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்’. கடைசி வாக்கியத்தை இலக்கணப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருப்பார்கள், ஆனால் அது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லும் ரிவ்யூவுக்கும் நேற்று வந்தது, சூப்பர் என்று சொல்லும் ரிவ்யூவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினால், அந்தக் காலம் அப்புறம் மறப்பதே இல்லை.

விலையைப் பற்றி எழுதும்போது ‘சீப்’ என்று போடாதீர்கள். மலிவு என்று பாராட்ட நினைத்து எழுதுவீர்கள், மட்டமான சரக்கு என்று ஒருவர் படித்துக்கொள்வார். எத்தனை ரூபாய் கொடுத்தீர்கள் என்று எண்ணை எழுதிவிடுங்கள்.

ஸ்டார் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ‘வெரி குட் டாக்டர், வெரி கைண்ட்’ என்று எழுதிவிட்டு ஒரு ஸ்டார் கொடுத்திருப்பார்கள். கேட்டால், ஒன்று என்றால் முதல் ரேங்க்தானே மேடம் என்பார்கள். பாவம் அந்த டாக்டர். கடைசி ஸ்டாரைத் தொட்டால்தான் ஐந்தும் நிறையும். தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம், வீட்டில் புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கிய பெரியவர்களுக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அப்புறம் எதை எங்கே எழுதுவது என்பது. அமேசானில் பொருளுக்கான ரிவ்யூ வேறு, விற்பவருக்கான கருத்து வேறு. டெலிவரி தாமதம், பெட்டி நசுங்கியிருந்தது, விற்பவர் போனை எடுக்கவில்லை என்பதெல்லாம் பொருளின் ரிவ்யூவில் வரக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ‘டெலிவரி ஃபாஸ்ட், ஃபைவ் ஸ்டார்’ என்று எழுதினால் அந்தச் செருப்பு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பணம் திரும்ப வேண்டும் என்றாலும் ரிவ்யூ அதற்கான இடமில்லை. முதலில் கம்பெனியிடம் கேளுங்கள், அங்கே நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கோபத்தில் எழுதும் ரிவ்யூதான் எனக்குக் கவலை தருவது. தமிழில் நமக்குக் கோபத்தை நூறு விதமாகச் சொல்லத் தெரியும். ஆங்கிலத்தில் கைக்குக் கிடைப்பது ‘சீட்டிங்’, ‘ஃப்ராடு’ என்ற இரண்டு சொல்தான். 350 ரூபாய் என்று போர்டில் போட்டுவிட்டு பில்லில் 450 போட்டிருந்தால் நமக்கு அது ஏமாற்று வேலை. ஆங்கிலத்தில் ‘ஃப்ராடு’ என்று எழுதினால், அவர்கள் வேண்டுமென்றே குற்றம் செய்தார்கள் என்று நீங்கள் குற்றம்சாட்டுகிறீர்கள். அவதூறு என்பது நம் நாட்டில் இன்னும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு. பொதுநலனுக்காக உண்மையைச் சொல்வது அவதூறு ஆகாது என்று அதிலேயே விலக்கும் உண்டு. ஆக, பயந்து எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. என்ன நடந்ததோ அதை எழுதுங்கள்: எந்தத் தேதி, போர்டில் என்ன விலை, பில்லில் என்ன விலை, கேட்டதற்கு என்ன பதில் வந்தது. பில்லின் படம் இருந்தால் போடுங்கள், அதில் உங்கள் போன் எண் இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஊழியரின் பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவதும் வேண்டாம், ஆங்கிலத்தில் அது கத்துவதுபோல இருக்கும். பில்லோடு வருகிற நாலு அமைதியான வரியைப் படித்துத்தான் மற்றவர்கள் அந்தக் கடையைத் தவிர்ப்பார்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடியிடம் ‘இந்த ஹோட்டலுக்கு ஒரு நல்ல ரிவ்யூ எழுதிக்கொடு’ என்று கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பிழை ஒன்றும் இருக்காது. கூடவே விஷயமும் இருக்காது. எதிர்பார்ப்பை மிஞ்சியது, மறக்க முடியாத அனுபவம், கட்டாயம் பரிந்துரைக்கிறேன் என்று எந்த ஊர் ஹோட்டலுக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும். படிப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதியது என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். ஆகவே வகுப்பில் நான் வைத்திருக்கிற விதி: முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு ‘பிழையை மட்டும் திருத்து, புதிதாக எதையும் சேர்க்காதே’ என்று கேளுங்கள். திருத்தி வந்ததையும் உங்களுடையதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தச் சொல் மாறியது, ஏன் மாறியது என்று பார்ப்பதுதான் பாடம். உங்களுக்கே புரியாத சொல் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுவது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலம் கற்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஐந்து ஸ்டார் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்று பில் கவுண்டரில் அட்டை வைத்திருப்பார்கள். வேலை செய்கிற கடைக்கே ரிவ்யூ போடச் சொல்லி முதலாளி கேட்பார். இரண்டுமே கூகுளின் விதிப்படி கூடாதவை. 2023-ல் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கும் அதிகமான ரிவ்யூக்களைத் தடுத்தோ நீக்கியோ விட்டதாக கூகுள் சொல்லியிருக்கிறது. நம் நாட்டிலும் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய ரிவ்யூவையும், அதற்கென்றே ஆள் வைத்து எழுதவைத்த ரிவ்யூவையும் வெளியிடக் கூடாது என்கிறது அது. தளங்கள் தாமாக முன்வந்து ஏற்க வேண்டிய தரநிலையாகத்தான் வந்தது, அது ஒரு குறை.

இதைவிட மோசமானது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிற ‘பார்ட் டைம் வேலை’. ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு ரூபாய் என்பார்கள். ஆங்கிலமும் பழகலாம், காசும் வரும் என்று ஆசையாக இருக்கும். முதல் சில ரிவ்யூக்களுக்கு உண்மையிலேயே பணம் வரும். அதன் பிறகு பெரிய ‘டாஸ்க்’ வேண்டுமானால் முன்பணம் கட்டு என்பார்கள். கட்டிய பணத்தை எடுக்க இன்னும் கட்டு என்பார்கள். கட்டினால் போனது போனதுதான். என் வகுப்பில் ஓர் இளைஞர் முன்பணம் என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார், தப்பித்தார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் எழுதித்தான் தீர வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். கூகுள் மேப்ஸ் மற்ற மொழி ரிவ்யூவைப் படிப்பவரின் மொழிக்கு மாற்றிக் காட்டும். உள்ளூர் மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் என்றால் தமிழில் எழுதுவதுதான் பொருத்தம். நாடு முழுக்க விற்கிற பொருளுக்கு ஆங்கிலம். எதற்கும் உதவாதது ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது. வெளியூர்க்காரருக்குப் புரியாது, மொழிபெயர்ப்புக் கருவியும் திணறும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ஏற்கெனவே ஆயிரம் ரிவ்யூ இருக்கிற பிரியாணிக் கடையை விட்டுவிடுங்கள். உங்கள் தெருவில் ஒரு ரிவ்யூகூட இல்லாத ஜெராக்ஸ் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், கல்யாண மண்டபம் ஏதாவது இருக்கும். மண்டபம் என்றால் எத்தனை பேர் ஒரு பந்தியில் உட்காரலாம், சாப்பாட்டுக்கூடம் மாடியிலா கீழேயா, மாடி என்றால் லிஃப்ட் இருக்கிறதா, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா, கார் நிறுத்த இடம் எவ்வளவு, கழிப்பறை எப்படி. ஆறு விவரம், ஆறு சின்ன வாக்கியம். எழுதி, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.