"புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதாது: மருந்தோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை

டிஸ்சார்ஜ் நேரத்தில் மருந்துகளை விளக்கி முடித்ததும் செவிலியர்கள் வழக்கமாகக் கேட்பது, "புரிஞ்சுதா?" என்பதுதான். "புரிஞ்சுது சிஸ்டர்" என்று பதிலும் உடனே வந்துவிடும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம் ஒரு பக்கம், நாலு பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம் இன்னொரு பக்கம். வார்டில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பதிலை நம்பி யாரையும் அனுப்பக் கூடாது.

நர்சிங் படிப்பில் மருந்தியல் வகுப்பு தொடங்கியதுமே மனப்பாடமாகிவிடும் ஐந்து விஷயங்கள் உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வார்டில் இருக்கும்வரை இவற்றை நாங்கள் சரிபார்க்கிறோம். வீட்டுக்குப் போன அன்று மாலையிலிருந்து அந்தப் பொறுப்பு நோயாளியின் கைக்கோ, அவரது மனைவி, மகன், மருமகள் கைக்கோ போய்விடுகிறது. அவர்களிடம் இருப்பது ஒரு சீட்டும் சில மாத்திரை அட்டைகளும்தான். இது எதற்கான மருந்து, எப்படிச் சாப்பிட வேண்டும், ஏன் அப்படி, என்ன நடந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற நான்கையும் அவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். இதில் பெரும்பாலும் விட்டுப்போவது 'ஏன்'. காரணம் தெரியாத விதியைத்தான் மக்கள் முதலில் கைவிடுகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தைராய்டு மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் போடுங்கள் என்று சொல்லிவிடுகிறோம். அவரும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார், கூடவே கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து. அவை இரண்டும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குள் போகவிடாது, அதனால்தான் 4 மணி நேர இடைவெளி என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவரே பிரித்துப் போட்டுக்கொள்வார். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் அப்படித்தான். அது உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். அதனால் ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்துவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காரணம் தெரிந்தவர் ஒருநாள்கூட மாத்திரை போட்ட கையோடு திரும்பிப் போய்ப் படுக்க மாட்டார்.

நான் அதிகம் பயப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் குறைந்த அளவில் தருகிறார்கள். வாரத்துக்கு ஒரே நாள். ஆனால் மற்ற மாத்திரைகள் எல்லாம் தினமும் என்பதால், கை தானாக இதையும் தினமும் எடுத்துவிடும். வேகமாகப் பெருகும் செல்களின் வளர்ச்சியை இந்த மருந்து தடுக்கிறது. எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடலின் உட்சுவர் எல்லாமே அப்படிப் பெருகுகிறவை. வாரத்தில் ஒருநாள் என்றால் அவை மீண்டு வர நேரம் கிடைக்கும். தினமும் போட்டால் கிடைக்காது. வெள்ளணுக்கள் குறைந்து, தொற்று வந்து, உயிரே போகலாம். அதனால் எந்தக் கிழமை என்று நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்தக் கிழமையின் பெயரை அட்டைமேல் முழுதாக எழுதிக் கொடுக்கிறேன். பக்கவிளைவைக் குறைக்க இதோடு தரும் ஃபோலிக் அமில மாத்திரையை எந்தக் கிழமை போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரோ அதையும் தனியாக எழுதுகிறேன். வாயில் புண், காய்ச்சல், மூச்சுத் திணறல், காரணமில்லாத ரத்தக்கசிவு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். கோ-டிரைமோக்சசோல் போன்ற மருந்து இதோடு சேர்ந்தால் நச்சுத்தன்மை கூடிவிடும்.

பாராசிட்டமாலில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. பாதுகாப்பான மருந்துதான், அளவோடு இருக்கும்வரை. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துகிறவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை போட்டால் 2,600. கூடவே சளிக்கு என்று வாங்கிய மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்து, அதை மூன்று வேளை போட்டால் இன்னொரு 1,500. மொத்தம் 4,100. அவர் நினைப்பில் போட்டது காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று; கல்லீரலுக்குப் போவது ஒரே மருந்து. கல்லீரல் சேதத்தின் அறிகுறி முதல் நாளே தெரியாமலும் போகலாம் என்பதால், அளவு மீறியது தெரிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நச்சை முறிக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

இதே மருந்து குழந்தைகளுக்கு வரும்போது கணக்கு இன்னும் கவனமாக வேண்டும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். 12 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் போதும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 உள்ளே போய்விடும். வீட்டு ஸ்பூன் எதுவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்தோடு வரும் அளவு மூடியோ வாய்வழி சிரிஞ்சோதான் அளவு. அதில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

இன்சுலினில் சிரிஞ்சையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ளதும் இருக்கின்றன. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், கோடு காட்டுவதைவிட இரண்டரை மடங்கு உடம்புக்குள் போகும். சர்க்கரை தாழ்ந்தால் நடுக்கமும் படபடப்பும் வரும் என்று சொல்லித்தருகிறோம். ஆனால் பீட்டா பிளாக்கர் வகை இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த இரண்டும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் வரும். அவரிடம் வியர்வையைப் பற்றித் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால், 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடியும் பரிசோதனை.

மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று பொடித்துக் கொடுக்கிற வீடுகள் நிறைய. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டது. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அப்புறம், இந்த வகை மாத்திரைகளில் சிலவற்றின் வெற்றுக்கூடு மலத்தில் அப்படியே வெளியே வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மருந்து கரையவே இல்லை என்று பயந்து நிறுத்திவிடுவார்கள்.

சில கேள்விகளைத் தனியாகக் கேட்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு, ஆண்மைக் குறைபாட்டுக்குச் சாப்பிடும் சில்டெனாஃபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். சில்டெனாஃபில் சாப்பிடுவதை மகன், மகள் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். கை மருந்து, சத்து மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை எல்லாமும் அப்படித்தான், திட்டுவார்களோ என்று மறைப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மூட்டு வலிக்கு இபுபுரூஃபன் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். திட்டாமல் கேட்டால் உண்மை வரும்.

சரி, புரிந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதும், செய்து காட்டச் சொல்வதும்தான் வழி. "அம்மா, நான் சரியா சொன்னேனான்னு தெரிஞ்சுக்கணும். வீட்டுல உங்க பொண்ணு கேட்டா இந்த மாத்திரையைப் பத்தி என்ன சொல்வீங்க?" என்று கேட்டால் அவர்களுக்குப் பரீட்சை போலத் தோன்றாது. பதில் தடுமாறினால் அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திரும்பச் சொல்வதில் பயனில்லை, வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும். இன்ஹேலரைக் கையில் கொடுத்தால், பாதிப் பேர் அழுத்தியபின் மூச்சை அடக்காமல் விட்டுவிடுவது அப்போதுதான் தெரியும். 10 வினாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2017ல் 'தீங்கில்லா மருந்து' என்ற நோக்கத்தோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, ஆபத்து மிகுந்த சூழல்கள், பல மருந்துகளை ஒன்றாகச் சாப்பிடுவது, சிகிச்சை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் நேரம் ஆகிய மூன்றையும் முன்னுரிமையாக எடுத்தது. டிஸ்சார்ஜ் நாளில் பலருக்கு மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன. வீட்டில் பழைய மாத்திரைகள் இருக்கும், புதிதாக எழுதியவையும் சேரும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாக இருக்கும். அதனால் எதைச் சேர்த்திருக்கிறோம், எதை மாற்றியிருக்கிறோம் என்பதோடு எதை நிறுத்தியிருக்கிறோம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நிறுத்தியவற்றின் அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக் கூடாதவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டை திடீரென்று நிறுத்தினால், சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்ட அட்ரீனல் சுரப்பியால் உடனே ஈடுகொடுக்க முடியாது. பீட்டா பிளாக்கரை நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பி வரலாம். பிபி நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை விட்டவர்களிடம், நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான் என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சக செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் "மருந்துகள் விளக்கப்பட்டன" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த மருந்தை அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை, வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது யார், அவர் விளக்கும்போது கூட இருந்தாரா என்பதை எழுதுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது பணியில் இருக்கும் செவிலியர் அந்த மருந்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.