காற்றடைத்த பலகையின் மேல் ஆள் நிற்பது எப்படி?

நின்றபடியே துடுப்பு வலிக்கும் பேடில்போர்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: காற்றடிக்கிற போர்டா, கெட்டி போர்டா? காற்றடிக்கிற போர்டை மடித்துப் பையில் போட்டு மாடி வீட்டு அலமாரியில் வைத்துவிடலாம். கெட்டி போர்டு மூன்று மீட்டருக்கும் மேல் நீளம். அதற்குச் சுவரோரம் இடம் வேண்டும், கார் கூரையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த வசதி தெரிந்தும் பலர் தயங்குவதற்குக் காரணம், 80 கிலோ ஆள் ஏறி நின்றால் காற்றுப்பை நடுவில் மடங்கிவிடாதா என்ற பயம். நியாயமான பயம்தான். மடங்காமல் இருப்பதற்குப் பின்னால் அருமையான பொறியியல் இருக்கிறது.

எந்தப் பையில் காற்றடித்தாலும் அது உருளையாகவோ உருண்டையாகவோ உப்பத்தான் பார்க்கும், தட்டையாக நிற்காது. ஆனால் இந்த போர்டின் மேல்துணியையும் அடித்துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் இழைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தை உப்பாமல் இருக்க அங்கங்கே நூல் கோத்து இறுக்குவோமே, அதையே விரல் வைக்க இடமில்லாத நெருக்கத்தில் செய்தது போல. வெளியே காற்று கசியாதபடி பிவிசி பூச்சு. ‘டிராப் ஸ்டிட்ச்’ என்று இதைச் சொல்வார்கள். விளையாட்டுப் பொருளுக்காகப் பிறந்த உத்தி அல்ல இது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956-இல் இப்படிப்பட்ட துணியால் இறக்கை செய்து, காற்றடைத்த சிறு விமானத்தையே பறக்கவிட்டது.

போர்டுக்கு வழக்கமாக அடிக்கும் காற்று 15 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் தள்ளுவிசை! இரண்டு துணிகளையும் பிரித்தெறியப் பார்க்கும் அந்த விசையை இழைகள்தான் தாங்குகின்றன. அதே அழுத்தம் போர்டை நீளவாக்கிலும் இழுத்து விறைப்பாக வைக்கிறது.

இனி மேலே ஆள் நிற்கிறார். எடை நடுவில் இறங்குகிறது. தண்ணீரோ முழு நீளத்துக்கும் மேல்நோக்கித் தள்ளுகிறது. எனவே நடுப்பகுதி தாழ, மூக்கும் வாலும் தூக்கப் பார்க்கும். அப்போது அடித்துணி இழுபடும், மேல்துணி நெருக்குண்ணும். இழுத்தால் துணி தாங்கும், நெருக்கினால் சுருங்கிவிடும். காற்று முன்கூட்டியே தந்து வைத்த விறைப்பு மிச்சமிருக்கும் வரைதான் சுருக்கம் விழாது. அது தீர்ந்ததும் காலடி ஓரத்தில் குறுக்காக ஒரு மடிப்பு ஓடும், போர்டு தொய்ந்துவிடும்.

ஆக, விறைப்புக்கு இரண்டு வழி: அழுத்தம், தடிமன். தடிமனின் பலன் வர்க்கக் கணக்கில் ஏறும். 10 சென்டிமீட்டர் போர்டை 15 ஆக்கினால், அதே அழுத்தத்தில் இரண்டே கால் மடங்கு தாங்கும். இன்று நல்ல போர்டுகள் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் தடிமனில் வருவது இதனால்தான்.

அழுத்தம் நம் கையில் இருக்கிறது, கோளாறும் அங்கேதான் நடக்கிறது. கைப் பம்பில் அடிக்கும்போது முதலில் வெகுநேரம் அழுத்தம் காட்டும் முள் அசையவே அசையாது. பை நிரம்புகிறது, அவ்வளவுதான். முள் நகர ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் உடம்பு எடையையே போட வேண்டியிருக்கும். 10-இல் கை ஓய்ந்து, போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ‘காற்று போர்டு தொளதொளவென்று இருக்கிறது’ என்று குறை. என்னைக் கேட்டால், இந்தக் குறையில் பெரும்பகுதி கடைசி 5 பிஎஸ்ஐயை அடிக்காததால் வருவது. மின்சாரப் பம்புக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

கெட்டி போர்டின் தத்துவமும் கிட்டத்தட்ட இதுவேதான். காற்றுக்குப் பதில் தெர்மாகோல் வகை நுரை, துணிக்குப் பதில் ஃபைபர்கிளாஸும் எபாக்சி பிசினும். ஆனால் அந்தத் தோல் நெருக்கத்தையும் தாங்கும் என்பதால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் போர்டு துள்ளாது; நம் உழைப்பு முன்னே போவதற்கே செலவாகும். இன்னொன்று, கெட்டிப் பொருளில் விளிம்பைக் கூர்மையாகச் செதுக்கலாம். காற்றுப் போர்டின் விளிம்பு உருண்டைதான். உருண்டை விளிம்பைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டே சுற்றிவரும். கூர் விளிம்பில் சட்டென்று அறுபடும். அலைமேல் சறுக்கித் திரும்ப அந்த அறுபடல் வேண்டும். அதனால் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் அலையில் ஏற ஆசைப்பட்டால் கெட்டி போர்டுதான் என்பேன். முட்டுக்காடு உப்பங்கழி போன்ற அமைதியான நீரில், மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிவர நன்றாகக் காற்றடித்த போர்டு தாராளமாகப் போதும். காற்று பலமாக வீசினால் மட்டும் அதன் உயர்ந்த பக்கச்சுவர் பாய்மரம்போல வேலை செய்து உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், கவனம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த போர்டு, மணலில் கிடந்து உள்காற்று 50 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் 18 வரை ஏறும். ஓர ஒட்டு வீணாகலாம். கரையில் நிழலில் வையுங்கள். நிழல் இல்லாவிட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். கெட்டி போர்டையும் வெயில் விடாது: உள்ளே இருக்கும் காற்று விரிந்து தோலை நுரையிலிருந்து பிரித்துவிடும். அதற்காகவே பலவற்றில் காற்றுப்போக்கித் திருகு வைத்திருக்கிறார்கள்.

பாறையில் இடித்தால் காற்றுப் போர்டு பெரும்பாலும் துள்ளி விலகிவிடும். ஓட்டை விழுந்தாலும் ஒட்டுப் போடலாம். ஓர ஒட்டு பிரிந்தால்தான் சிரமம். கெட்டி போர்டில் விரிசல் விழுந்தால் நுரைக்குள் தண்ணீர் இறங்கும். உடனே கரையேற்றி, முழுக்க உலரவிட்டு, அதற்குப் பிறகே எபாக்சி பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.